புது டயர் முன்னாலா, பின்னாலா

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இது நடந்தது. விபத்து என்று சொல்ல முடியாது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் மறக்க முடியாத நாள் எது என்று யாராவது கேட்டால், வேலை கிடைத்த நாளையோ கார் வாங்கிய நாளையோ நான் சொல்வதில்லை. மூடிக் கிடந்த ஒரு ஓட்டலின் சிமெண்டுத் தரையில் என் அப்பா என் காரை வட்டமடித்து ஓட்டிய அந்தக் காலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். அப்பா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, முதுகு வலி தாங்காமல் இறங்கும் வரைக்கும் ஸ்டீயரிங்கை விடாதவர். அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டாள். நான் மெக்கானிக்கல் படித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். படித்தவன் என்பதாலேயே வீட்டில் எல்லா முடிவும் என்னிடம் வந்துவிடும். எந்த மருந்தை எப்போது சாப்பிடுவது, எந்த போன் வாங்குவது, மோட்டாருக்கு எந்தக் கம்பெனி ஒயர் நல்லது, எல்லாம் நான் சொல்ல வேண்டும். அப்பா தலையாட்டுவார். அவர் தலையாட்டுவதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் பழையதுதான், செகண்ட் ஹேண்ட். ஆனால் சாதாரணக் கார் இல்லை. சின்ன வண்டிக்குப் பெரிய இன்ஜின், அகலமான டயர், பெரிய ரிம் என்று வேகமாக ஓட்டுகிறவர்களுக்காகவே செய்த மாடல். பெங்களூரில் ஒருவர் ஆசையாக வைத்திருந்து விற்றதை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து எனக்கு இருந்த கவலை டயர்தான். அவர் போட்டிருந்தவை நல்ல டயர்கள், ஆனால் முன்னால் இரண்டும் மொட்டையாகிவிட்டன. பின்னால் இரண்டும் பாதி தேய்ந்து, வெயிலில் காய்ந்து, ரப்பர் இறுகிப் போயிருந்தன.

அதே சமயத்தில்தான் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நின்ற கர்ப்பம். ஆரம்பத்திலிருந்து பார்த்து வருகிற டாக்டர் சேலத்தில். கர்ப்பம் கொஞ்சம் சிக்கலானது என்பதால் அந்த டாக்டரை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியானால் கார்தான். எங்கள் ஊரிலிருந்து சேலம் போவதென்றால் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த இறக்கத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோடு அகலம்தான், நல்ல ரோடுதான். ஆனால் வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் எல்லாம் அங்கேதான் வரிசையாக இறங்கும். பிரேக் சூடாகி வாசனை அடிக்கும். மழை பெய்தால் தார் ரோட்டில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஒரு வழுவழுப்பு வரும். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த இறக்கம் முடியும் வரை காருக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் டயர் தேர்ந்தெடுப்பதை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. பல வாரம் படித்தேன். அதிக தூரம் ஓடும் டயர் ஒரு வகை. அதன் ரப்பர் கெட்டி, சீக்கிரம் தேயாது, ஆனால் ஈரத்தில் பிடிப்பு குறைவு. இன்னொரு வகை மெத்தென்ற ரப்பர். சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் ஈர ரோட்டை விடாமல் பிடிக்கும். வேகமான கார்களுக்கென்று வருவது இந்த இரண்டாவது வகைதான். நான் வேகத்துக்காக அதைக் கேட்கவில்லை. அக்கா உட்கார்ந்திருக்கும்போது பிரேக் மிதித்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தருமபுரியில் டயர் கடைக்காரர் என் அளவைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இந்த சைஸ இங்க ஆரும் கேக்கறதில்ல தம்பி. மெத்து டயரு, ரெண்டு வருசத்துல மொட்டையாயிரும். நம்ம ரோட்டுக்கு எதுக்கு இது?"

"மழைக்குங்கண்ணா" என்றேன்.

"மழ ரெண்டு மாசம். வெயிலு பத்து மாசம்."

நான் விடவில்லை. அதே மாடல்தான் வேண்டும் என்று சொல்லி ஆர்டர் கொடுத்தேன். நான்கு கேட்டதற்கு இரண்டுதான் வந்தது. மீதி இரண்டும் அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். அக்காவின் டாக்டர் தேதியோ அடுத்த வாரம். தள்ளிப்போட முடியாத ஸ்கேன் அது. சரி, இருக்கிற இரண்டைப் போட்டுக்கொள்வோம் என்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அப்பா புது டயரை உருட்டிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். "நல்ல ரப்பருதான்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே கடைக்காரரிடம், "புதுசு ரெண்டயும் முன்னாடி மாட்டுப்பா. பின்னாடி இருக்கறது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நான் படித்ததில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்த விஷயம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் அவற்றைப் பின்னால் போடு. பின்னால் இருக்கும் சுமாரான டயர்களை முன்னால் கொண்டுவா. ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் திரும்ப வழிக்கு வரும். பின் சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"முன்னாடி டயருதாண்டா வண்டியத் திருப்புது" என்றார். கடைக்காரரும் அவர் பக்கம். "அண்ணன் சொல்றதுதான் முறை தம்பி. நாங்க போடறதெல்லாம் அப்படித்தான்" என்றார்.

போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஏதோ வெளிநாட்டு மைதானத்தில் தண்ணீர் தெளித்து, ஒரே மாதிரி இரண்டு கார்களை ஓட்டிக் காட்டுகிற வீடியோ. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அவர்கள் பேசும் பாஷை அவருக்குப் புரியவில்லை. "அந்த ஊரு ரோடு வேற" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அது லாரிக்குப்பா. இது காரு" என்றேன். கடையில் வேலை செய்கிற ஆட்கள் இரண்டு பேர் பாதி சிரிப்போடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கடையிலிருந்து இறங்கி எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். நான் சொன்னபடி புதியவை பின்னால் போயின. தேய்ந்த மொட்டை டயர் இரண்டையும் அப்பா விடாமல் டிக்கியில் ஏற்றிக்கொண்டார். பழைய டயரைக் கடையில் விட்டு வருகிற பழக்கம் அவருக்கில்லை. மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கவோ, கூரைத் தகரம் பறக்காமல் மேலே போடவோ ஆகும் என்பார்.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் வேறு மாதிரி ஆனது. அக்காவுக்கு எதிரிலேயே அப்பா சொன்னார்: "புள்ளய அந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

அப்போதுதான் அவர் ஒன்றைச் சொன்னார். லாரித் தொழிலில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த ஒருவர், முன் டயர் வெடித்து, ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் தடுப்பை உடைத்திருக்கிறார். பின்னால் வந்த லாரியில் அப்பா. "பின்னாடி ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இன்னொண்ணு ஜோடி இருக்குது, தாங்கும். முன்னாடி ஆரு தாங்குவா? அதுக்குத்தான் நல்லது எப்பவும் முன்னாடி. எங்க ஆளுங்க எல்லாம் அப்படித்தான் போட்டோம், அப்படித்தான் உசுரோட வந்தோம்."

எங்கள் பக்கத்தில் லாரி ஓட்டாத குடும்பம் குறைவு. நல்லது முன்னால் என்பதை இங்கே யாரும் வேறு விதமாகச் சொல்லிக் கேட்டதே இல்லை. ஜோடிச் சக்கரம் உள்ள லாரிக்கு அது முழுக்கச் சரியான முறையும்கூட. எனக்கு அது அப்போதே புரிந்தது. ஆனால் நான் சொன்னது, "இதுல ஜோடி கிடையாதேப்பா" என்பதுதான். அவர் "ஜோடி இல்லன்னா இன்னும் மோசம்தானே" என்றார். நான் படித்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பார்த்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு சத்தம்தான். அப்பா என்னிடம் பேசியதெல்லாம் அம்மா வழியாகத்தான். "படிச்சவரு சாப்பிட்டாரான்னு கேளு" என்பது மாதிரி. டாக்டர் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அக்காதான், பட்டாணி உரித்துக்கொண்டே, "இப்படியே மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தா எப்படி? ரெண்டு மாதிரியும் ஓட்டிப் பாத்துருங்களேன். ஆரு செயிக்கறாங்கன்னு தெரிஞ்சிரும்" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததிலிருந்து நசநசவென்று தூறல். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்காரர்களுக்காக நடந்து, மூடிப் போன ஓட்டல் ஒன்று இருக்கிறது. முன்னால் லாரி நிறுத்த விசாலமான சிமெண்டுத் தரை. சுற்றிலும் இடிக்க ஒன்றுமில்லை. அங்கே காவலுக்கு இருப்பவர் அப்பாவுக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும், "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார். அக்காவும் வந்திருந்தாள். வேண்டாம் என்று சொன்னதற்கு, "சண்டையே என்னாலதான், நான் பாக்கக் கூடாதா?" என்று கிளம்பிவிட்டாள். ஓட்டல் தாழ்வாரத்தில் காவல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் கொய்யாப் பழத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

டிக்கியில் இருந்த மொட்டை டயர்களைத் தரையில் படுக்க வைத்து வளைவுக்கு அடையாளம் வைத்தோம். ஒன்றைச் சுற்றித் திரும்ப வேண்டும். இன்னொன்று வெளிப்பக்கத்து எல்லை. அதைத் தாண்டக் கூடாது.

"நான் ஓட்டறேன்" என்றார் அப்பா. அவர் என் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் நானும் ஓட்டுங்கள் என்று சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. சீட்டைச் சரி செய்துகொண்டு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபோது அவர் முதுகு நேரானது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் நான் போட்டிருந்த மாதிரியே, புதியவை பின்னால். மெதுவாக ஒரு சுற்று, ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றில் வேகத்தைக் கூட்டினார். மூன்றாவதில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் வெளியே நழுவிக்கொண்டே போனது. எல்லைக்கு வைத்திருந்த டயர் மேல் பம்பர் மோதி அதைத் தள்ளிக்கொண்டு போனது. அப்பா காலை எடுத்தார். கார் சொன்ன பேச்சைக் கேட்டு மெல்ல உள்ளே திரும்பி நின்றது.

"பாத்தியா?" என்றார். "திருப்பினா திரும்புதா? இதத்தான் சொன்னேன்."

அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. எனக்கு உள்ளூர எரிச்சலாக இருந்தது. "இப்ப மாத்திப் போட்டுப் பாக்கலாம்பா" என்றேன்.

காரின் ஜாக்கியோடு அப்பாவின் லாரிக் காலத்து ஜாக்கியையும் எடுத்து வந்திருந்தோம். இருவரும் தூறலில் நனைந்துகொண்டே சக்கரங்களை மாற்றினோம். நட்டுகளை அவர் கழற்றித் தர நான் வாங்கி வைத்தேன். பிறகு நான் முடுக்க அவர் சரி பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் சண்டையை மறந்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

புதியவை முன்னால். முதல் சுற்றிலேயே வித்தியாசம் எனக்கே தெரிந்தது. கார் அவர் கைக்கு அப்படியே கட்டுப்பட்டது. போன தடவை நழுவிய வேகத்தில் இந்தத் தடவை நழுவவில்லை. அப்பா சிரித்தார். "என்னடா சொல்ற?" என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் பிடித்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் படித்ததெல்லாம் வேறு ஏதோ காருக்கோ? நடு வளைவில், கணவாயில் இறங்கும்போது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம் என்று சொல்லி அவர் காலைச் சட்டென்று எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. முன்னால் தெரிந்த ஓட்டல் பக்கவாட்டில் ஓடியது. நெடுஞ்சாலை கண்ணாடியில் வந்தது. அப்பா ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். எத்தனை வருஷப் பழக்கம் அது, தவறே இல்லாமல்தான் ஒடித்தார். கார் கேட்கவில்லை. அரை வட்டம் சுற்றி, நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்ஜின் அணைந்திருந்தது. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை. ரொம்ப மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி பேசினார்.

"முன்னாடி வழுக்கினப்ப கைக்குத் தெரிஞ்சுது. லேசாப் போவுது, விட்டுரும்னு கை சொல்லுச்சு. இது கைக்குத் தெரியல. கையில எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. முதுகுக்குத்தான் தெரிஞ்சுது. முதுகுக்குத் தெரியறப்ப முடிஞ்சு போச்சு."

பல வாரம் படித்த எதிலும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியிருக்கவில்லை. நான் அதை அவரிடம் சொன்னேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து, "நீ படிச்சது சரிதான்" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அபூர்வம். மற்ற விஷயங்களில் தெரியாததால் தலையாட்டுவார். இந்தத் தடவை தெரிந்து தலையாட்டினார். இரண்டும் எவ்வளவு வேறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

இறங்கி, பேசிக்கொண்டே மறுபடியும் சக்கரங்களை மாற்ற ஆரம்பித்தோம். எனக்கு நாக்கு நிற்கவில்லை. பாரம் எப்படி முன்னால் சாய்கிறது, அதனால் பின் சக்கரம் எப்படி லேசாகிறது என்று விளக்கினேன். அப்பா விடாமல் கேள்வி கேட்டார். காலி லாரியில் பிரேக் அடித்தால் பின்பக்கம் வாலாட்டுவதும் இதே கணக்குதானா என்றார். ஆமாம் என்றேன். இருவரும் சின்னப் பையன்கள் மாதிரி ஆகிவிட்டோம். புதியவை திரும்பவும் பின்னால் போய்விட்டன. கடைசி நட்டை முடுக்கிக்கொண்டே, "அப்ப நாளன்னிக்கி காலையில நேரத்துல கிளம்பிரலாம்" என்று அப்பா அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ப்பா, மொத தடவ ஓட்டினப்ப ஒரு டயரத் தள்ளிக்கிட்டுப் போனீங்கல்ல. அது எங்க?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். எல்லைக்கு வைத்த அந்த மொட்டை டயர் தரையின் ஓரத்தில், புல்லுக்குள் கிடந்தது.

"அது லாரியா இருந்திருந்தா?" என்றாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "இல்லக்கா, காலை எடுத்ததும் வண்டி திரும்ப வழிக்கு வந்துச்சு பாரு..."

"வந்துச்சு. இடிச்சிட்டு வந்துச்சு. ரெண்டாவது தடவ சுத்திக்கிச்சு. மொத தடவ இடிச்சிச்சு. இதுல எது செயிச்சுதுன்னு ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கறீங்க? தொப்பூருல முன்னாடி லாரி இல்லாத நாளு ஏதாவது இருக்குதா?"

அவள் கோபமாகப் பேசவில்லை. கொய்யாப் பழத்தின் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காவல்காரர் எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

 அவள் சொன்னது நான் படித்ததிலேயே இருந்தது. புதியவை பின்னால் என்பது, இரண்டே டயர் இருந்தால் எது குறைந்த கெடுதல் என்பதற்கான பதில். அந்த இரண்டு காய்ந்த டயரோடு, ஐப்பசி மழையில், நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் போகலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முன்னாலா பின்னாலா என்பதிலேயே நின்றுவிட்டோம். அவருக்கு அவருடைய முறை சரி என்று ஆக வேண்டும். எனக்கு என்னுடைய படிப்பு சரி என்று ஆக வேண்டும். இருவரும் அக்காவுக்காகத்தான் பேசுகிறோம் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தோம்.

"அப்ப எப்படிப் போறது புள்ள?" என்றார் அப்பா. தன் மகளிடம் அவர் யோசனை கேட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"ரயிலுல போலாமில்ல. டாக்டரு பஸ்ஸுதான் வேணாம்னாரு" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

ஏன் அது எங்களுக்குத் தோன்றவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றாததன் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் நின்ற முதல் கார் அது. பெண்ணைப் பிரசவத்துக்கு ரயிலில் அலைய வைத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் அக்கா என் காரில்தான் போய் இறங்க வேண்டும். நல்ல டயருக்காக அத்தனை வாரம் நான் படித்ததில் அந்த ஆசையும் கலந்திருந்தது. அதை அன்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர தருமபுரியிலிருந்து தோதான ரயில் இல்லை, மொரப்பூரிலிருந்து இருந்தது. மொரப்பூர் வரை கணவாய் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை. என் காரிலேயே, சைக்கிள்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் போனோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நான் ஓட்டும்போது ஏதாவது சொல்லிக்கொண்டே வருகிறவர், அன்று ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் அம்மா அக்காவின் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். நல்ல மழை. ஸ்டேஷனில் அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அப்பா துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "டீ குடிக்கறியா?" என்று கேட்டார். நேராக என்னிடம்தான் கேட்டார், அம்மா வழியாக இல்லை.

ரயிலில் கூட்டம் இல்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்கத் தூங்கினாள். சேலத்தில் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதே ரயில் பாதையில் திரும்பி வந்தோம். அன்றைக்குத் தொப்பூரில் ஏதாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. நடந்திருந்தால்தான் அக்கா சொன்னது சரி என்று ஆகுமா என்ன?

மீதி இரண்டு டயரும் சொன்னபடி அடுத்த மாதம் வந்தன. நான்கும் ஒரே மாதிரி, நான்கும் புதிது. கடைக்காரர் மாட்டும்போது அப்பா, "ரெண்டு மட்டும் வாங்க வர்றவங்ககிட்ட, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி முன்னாடிதான்னு சொல்லிராதப்பா. காருக்கு வேற, லாரிக்கு வேற. எதுக்கும் அவங்க எங்க போறாங்கன்னு கேளு" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்புறம் அப்பா நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மாதமே அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சேலத்திலேயே. வலி எடுத்தபோது கணவாய் வழியாக, என் காரில்தான் போனோம். நான்கு நல்ல டயர், மழை இல்லை, ஓட்டியது அப்பா. நான் பின்னால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் எனக்குப் படிக்கப் பிடிக்கும். படித்ததைச் சொல்லவும் பிடிக்கும். அலுவலகத்திலும் வீட்டிலும் எது சரி என்று வாதம் வந்தால் நானும் விடாமல் பேசுகிறவன்தான். ஆனால் வாதம் சூடாகி, என் பக்கம் செயிக்கப் போகிறது என்று உள்ளே ஒரு குதூகலம் எழும்போதெல்லாம், இதன் பலனை உடம்பில் தாங்கப் போகிறவர் இந்த அறையில் யார், அவர் ஏதாவது சொன்னாரா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.